பதினெட்டு நிமிஷம்

சூரியனை விட்டு முந்தாநாள் கிளம்பிய காற்று இன்றைக்கு உச்சிப்பொழுதுக்குள் பூமிக்கு வந்துவிடும், அதற்குள் அளவு எடுத்து முடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு சுகிர்தா மேடம் மர வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பலவேசம் எல்லைக் கல்லை ஒட்டி வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். இனி ஒன்றரை மணி நேரத்துக்கு அவருடைய வேலை சும்மா இருப்பது. வெறும் சும்மா இல்லை, இரும்பை அண்ட விடாமல் சும்மா இருப்பது. திருநெல்வேலிக்கு வெளியே இந்த உடைமரக் காட்டுக்குள் பூமியின் காந்தத்தை அளக்கிற நிலையத்தில் முப்பத்தைந்து வருஷமாக அவர் பார்த்தது இந்த வேலையைத்தான். சைக்கிளை ரோட்டு முனையிலேயே நிறுத்த வேண்டும். சாவி, கத்தி, பெல்ட்டு, கைக்கடிகாரம், செல்போன் எல்லாம் வாசல் அறையில் மரப்பெட்டிக்குள் போய்விட வேண்டும். பெண்கள் வந்தால் ஊக்கும் கொண்டை ஊசியும் கழற்ற வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டே அவருக்கு முதல் இரண்டு வருஷம் போயிற்று. மர வீட்டில் ஒரு இரும்பு ஆணி கிடையாது, அத்தனையும் பித்தளை. பூட்டும் பித்தளை. உள்ளே இருக்கிற முள் அவ்வளவு ரோஷக்காரி, தூரத்தில் லாரி போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று புதிதாக வருகிறவர்களிடம் அவர் சொல்வதுண்டு. ஐந்தாம் வகுப்பு படித்தவருக்கு விஷயம் எவ்வளவு புரிய வேண்டுமோ அவ்வளவு புரிந்திருந்தது. பூமி முழுக்க ஒரு காந்தம். சூரியனிலிருந்து ஓயாமல் ஒரு காற்று வீசுகிறது. அது இலையை அசைக்கிற காற்று இல்லை, மின்சாரம் ஏறிய பொடி. அது வந்து பூமியின் காந்தத்தில் மோதுகிறது. சில நாள் பலமாக மோதும். அப்போது முள் துள்ளும். வடக்கே பனி பெய்கிற தேசங்களில் ஆகாயம் பச்சையாகப் பற்றி எரிவதுபோல் தெரியுமாம். இங்கே ஒன்றும் தெரியாது. இதோ இப்போதும் ஒன்றும் தெரியவில்லை. எறும்பு போகிறது. வேப்பம்பழம் விழுகிறது. பதினைந்து கோடி கிலோமீட்டர் தாண்டி ஒன்று வந்துகொண்டிருக்கிறது, வந்து சேர்ந்தாலும் எறும்புக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. முப்பத்தைந்து வருஷம் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தும் உள்ளே வருகிற பெரிய ஆளை ஒரு தடவைகூட கண்ணால் பார்த்ததில்லை. இன்றைக்கு செவ்வாய். வெள்ளிக்கிழமையோடு வேலையும் முடிகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாள் அங்கே ஆபீஸ் மேஜையில், கண்ணாடிக் குண்டுக்குக் கீழே இருக்கிறது. மேடமே தமிழில் தட்டச்சு செய்தது. மொத்தமே நாலு வரி, நாலாவது வரிதான் வரி. மேற்படி நாளில் என்னிடம் இரும்புப் பொருள் எதுவும் இருக்கவில்லை என்று உறுதி கூறுகிறேன். நேற்று மத்தியானம் அதைக் கையில் கொடுத்துவிட்டு மேடம் சிரித்த சிரிப்பு, பரீட்சையில் தேறிய பிள்ளை சிரிப்பதுபோல் இருந்தது. பழைய பதிவுத் தாள்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தாளும் கையில் கிடைத்திருக்கிறது. நேரே ஓடிக்கொண்டிருந்த கோடு பத்தேகாலுக்கு ஒரே துள்ளாய் மேலே ஏறி, பதினெட்டு நிமிஷம் அங்கேயே நின்று, மறுபடி இறங்கியிருக்கிறது. அதே நாள், அதே நிமிஷம், பம்பாய்ப் பக்கத்துப் பதிவிலும் உண்டு, ஜப்பான் பதிவிலும் உண்டு. சூரியக் காற்று ஒரு ஊது ஊதி நிறுத்தியிருக்கிறது, அவ்வளவுதான். நம் ஊருக்கு நேர் மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரம் ஒரு மின்சார ஆறு ஓடுகிறதாம், அதனால் மற்ற ஊரைவிட இங்கே துள்ளல் பெரிதாய்த் தெரியுமாம், அதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்து அதிகாரி இரும்பு என்று நினைத்துவிட்டார் என்று மேடம் சொன்னார். உங்க பேர்ல இருக்கிற மெமோவை அடிச்சிட்டுத்தான் உங்களை அனுப்புவேன் ஐயா என்றார். பலவேசம் தலையை ஆட்டினார். அவர் கண் மேடத்தின் முகத்தில் இல்லை, தாளின் ஓரத்தில் இருந்தது. துள்ளலுக்கு மேலே பென்சிலால் ஒரு அம்புக்குறி, அதற்குப் பக்கத்தில் இங்கிலீஷில் நாலு எழுத்து, ஒரு தேதி. யாரோ அப்பவே குறிச்சு வச்சிருக்காங்க பாருங்க, சூரியன்தான்னு அந்த வருஷமே ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு என்றார் மேடம். இங்கிலீஷ் அவருக்கு வாசிக்க வராது. ஆனால் அந்த ஏழு தெரியும். நடுவில் குறுக்குக் கோடு போட்ட ஏழு. இந்த நிலையத்தில் ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுகிறவர் ஒரே ஒருவர்தான் இருந்தார், அப்போது பதிவுத் தாள் பார்த்துக்கொண்டிருந்த ஆறுமுகநயினார். அவர்தான் பலவேசத்தைக் காட்டிக்கொடுத்தவர். அதே நேற்று சாயங்காலம்தான், அடுக்கி வைத்ததுபோல, நயினாரின் மகன் கோமதிநாயகம் போன் பண்ணினான். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது, டாக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார், உங்க பேரைச் சொல்லிக்கிட்டே இருக்காவ மாமா, ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போனா என்ன என்றான். பாப்போம் என்று சொல்லி பலவேசம் போனை வைத்துவிட்டார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார். அதுதான் காலையில் அவருக்கு உறுத்திற்று, எப்படித் தூக்கம் வந்தது என்று.

பாப்போம் என்ற சொல்லுக்கு அவர் வீட்டில் என்ன அர்த்தம் என்று பெஞ்சாதி செல்லக்கனிக்குத் தெரியும். நயினார் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தபோதும் அதையேதான் சொன்னார். பத்திரிகையை அலமாரிக் கால் ஆடாமல் இருக்க மடித்து அடியில் வைத்தார், பிள்ளையார் படம் மட்டும் நசுங்காமல் கிழித்து எடுத்துவிட்டு. நயினார் ஓய்வு பெற்ற அன்றைக்கு ஆள் ஆளுக்கு ஒரு மாலை போட்டார்கள், பலவேசம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றார், நிற்பதை நயினார் பார்க்கிற மாதிரி நின்றார். பஸ்ஸில் நயினார் உட்கார்ந்திருந்தால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து வருவார். ஒரே கெட்டிலில் வருகிற டீயை, அதன் பிறகு நயினார் வேலையில் இருந்த பதிமூன்று வருஷமும் குடித்ததில்லை. அதனாலேயே டீ விட்டுப்போய், சுக்குத்தண்ணி பழக்கமாகி, வயிறு நன்றாக ஆனது வேறு கதை. இப்படி வைத்துக் காப்பாற்றிய கோபம் அது. பிள்ளையை வளர்த்த மாதிரி என்று சொல்ல வாய் வருகிறது, வேண்டாம், பிள்ளை என்ற சொல் இங்கே வேண்டாம். அன்றைக்கு விசாரணையில் நடந்ததை நினைக்கலாம், அது பரவாயில்லை, அது தேய்ந்த படி மாதிரி, கால் தானாக இறங்கும். தமிழ் பழகியிருந்த வடக்கத்தி அதிகாரி நாற்காலியில். மேஜையில் கழுவிக் காய்ந்த பதிவுத் தாள், அதைக் கழுவினதே பலவேசம்தான், இருட்டறையில் சிவப்பு விளக்கில் மருந்துத் தண்ணிக்குள் கோடு மெல்ல மெல்லக் கறுத்து வருவதைப் பார்த்து, அட இன்னைக்குக் கோடு மலை ஏறியிருக்கே என்று வேடிக்கையாகச் சொன்னதும் அவர்தான். துள்ளின நேரத்தில் அறைக்குள் இருந்தது இரண்டு பேர். தாள் மாற்றின நயினார், விளக்குத் திரியைத் துடைத்த பலவேசம். உள்ளே இருந்தது ஏறக்குறைய இருபது நிமிஷம். அதிகாரி கேட்டார். நயினார் பலவேசத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சட்டைப் பையைக் கையால பொத்திக்கிட்டு நின்னான் சார்."

அவ்வளவுதான். அந்த ஒரு வரி. அதை இருபத்தெட்டு வருஷமாக, பல் தேய்க்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, சாமி கும்பிடும்போது, எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பார். நின்னான் என்றாரா நின்னாரு என்றாரா என்று ஒரு வருஷம் யோசித்தார். நின்னான்தான். அந்த மாதம் வேலை நிரந்தரம் ஆக வேண்டியது. ஆகவில்லை. இன்னும் ஒன்பது வருஷம் தினக்கூலிக்காரன் என்ற பேரோடு அந்த வாசலில் உட்கார்ந்தார். மர வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று ஆயிற்று. இரும்பு பார்க்கிறவனே இரும்பைக் கொண்டு வந்தான் என்று கேன்டீன்காரன்கூடச் சிரித்தான். இத்தனைக்கும் நயினார் ஒன்றும் ஜோடித்துச் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். எப்போதும் எண்ணம் இந்த இடத்துக்கு வந்ததும் முள்வேலியில் வேட்டி மாட்டின மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும், நின்றால் எதிரே யாராவது வந்துவிடுவார்கள்.

வந்தது மாடத்தி. இருபது வெள்ளாடும் தோளில் துரட்டியுமாக ஓடைப்பக்கம் கரையேறி நேரே எல்லைக் கல்லைப் பார்த்து வந்தாள். துரட்டி நுனியில் அரிவாள் வெயிலில் மின்னியது. பலவேசம் எழுந்து கையைக் காட்டி, அங்கேயே நில்லு என்றார். அவள் நின்றாள், ஆடு நிற்கவில்லை. ஆடு போகலாம், ஆட்டுக்கு இரும்பு கிடையாது, கழுத்து மணியை மட்டும் அவர் கண்ணாலேயே தேடிப் பார்த்தார், வெண்கலம். அவளுக்கும் அவர் வயதுதான் இருக்கும். மூன்று தலைமுறையாக ஆடு மேய்த்த தரிசை எடுத்து வேலி போட்டுவிட்டு, அதில் தன்னையே விரட்டுகிறார்கள் என்ற வருத்தம் அவளுக்கு உண்டு. அதை அவள் வருத்தமாகச் சொல்வதில்லை, கேலியாகத்தான் சொல்வாள்.

"உள்ள என்னவே வச்சிருக்கிய? என் துரட்டியைக் கண்டா சூரியன் பயந்துருமோ?"

"சூரியன் பயப்படாது. மேடம் எழுதுத கணக்குப் பயப்படும்" என்றார் பலவேசம்.

வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் என்னை யாரு வெரட்டுவா என்று அவள் கேட்டாள். புதிதாக மெஷின் வைக்கப்போகிறார்கள், கூவும் என்றார். ஆளு வெரட்டினா திட்டலாம், மெஷினை எப்படித் திட்டுறது என்று சொல்லிவிட்டு, துரட்டியைத் தூரத்தில் உடைமரத்தில் சாய்த்துவிட்டு, வெறும் கையோடு ஆட்டுக்குப் பின்னால் சுற்றிப் போனாள். போகிற போக்கில், உம்ம மூஞ்சி என்ன இன்னைக்கு வெளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு என்றாள். அவர் உடைமரத்தில் சாய்ந்திருந்த துரட்டியைப் பார்த்தார். கேட்காமலேயே துரட்டியை வைத்துவிட்டுப் போகிறாள். ஒரு மனுஷி தன்னிடம் இருக்கிற இரும்பை நாலு பேர் பார்க்கத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறாள், நில்லு என்றால் கீழே வைக்கிறாள். சங்கதி அத்தோடு முடிந்தது. அதை ஏன் அன்றைக்கு அவர் செய்யவில்லை.

செய்திருக்க முடியாது. அன்றைக்குப் பையில் இருந்தது சாவி. பழைய டிரங்குப் பெட்டியின் சாவி, விரல் நீளம், நல்ல கனம். மகள் பேச்சிக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கு வலிப்பு வரும். வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம், டாக்டர் அதெல்லாம் வேண்டாம், பக்கவாட்டில் படுக்க வையுங்கள் போதும் என்றுதான் சொன்னார், பக்கவாட்டில் படுக்கவும் வைத்தார்கள், இரும்பையும் கொடுத்தார்கள். அந்தச் சின்ன விரல்கள் சாவியைப் பிடித்தால் அவராலேயே பிரிக்க முடியாது. அவ்வளவு பலம் மூன்று வயதில் எங்கிருந்து வருமோ. அன்றைக்கு விடியற்காலை வந்தது, நீளமாக வந்தது. முடிந்து அவள் தூங்கின பிறகு விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தார். உள்ளங்கையில் சாவியின் பல் பதிந்திருந்தது. அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டுக்கொண்டே சாவியைச் சட்டைப் பையில் போட்டார். போட்டது நினைவில்லை. சைக்கிள் மிதித்தார், வாசலுக்கு வந்தார், வந்தவர்கள் எல்லோரையும் பை பார்த்தார், மரப்பெட்டியை நிரப்பினார். எல்லோர் பையையும் பார்க்கிறவன் தன் பையைப் பார்ப்பானா. இந்த நிலையத்தில் இந்தத் தப்பை வேறு யாராலும் செய்ய முடியாது, ஏனென்றால் மற்ற எல்லோரையும் பலவேசம் சோதித்துவிடுவார். விளக்கைத் துடைக்கக் குனிந்தபோது நெஞ்சில் ஏதோ உருண்டது. கை தானாகப் போய்ப் பொத்தியது. பொத்தின பிறகுதான் என்னவென்று தெரிந்தது. சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி, சாவி வந்துட்டு, மன்னிச்சிருங்க என்று சொல்லி வெளியே ஓடியிருக்கலாம். வாய் வரவில்லை. நிரந்தர உத்தரவு வருகிற மாதம். பொத்தின கையோடு மீதித் திரியையும் துடைத்தார். மறுநாள் தாளில் அந்தத் துள்ளலைக் கண்டபோது, வேடிக்கையாகப் பேசிய வாய் பேசியபடி இருக்க, கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. நாம்தான் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் விசாரணை. இல்லை சார், ஒண்ணும் இல்லை சார் என்றார். நயினார் பொய் சொல்லுதாரு என்று கேன்டீனில் சொன்னார், வீட்டில் சொன்னார், சாஸ்தா கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியமாகச் சொன்னார். அடுத்த ஐப்பசி மழையில் பேச்சி போய்விட்டாள். வலிப்பில் இல்லை, காய்ச்சலில். அதற்கும் நயினாருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கிடையாது என்று தெரிந்துகொண்டேதான் அதையும் நயினார் பேரில் சேர்த்து வைத்தார். எங்கேயாவது வைக்க வேண்டியிருந்தது. சூடம் அணைத்துப் பொய் சொன்னதை வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது, அந்த உள்ளங்கைத் தடத்தை வைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. நயினாரின் வழுக்கைத் தலை தோதாக இருந்தது.

இப்போது மேடம் சொல்கிறார், நீங்கள் இல்லை, சூரியன். சரி. அப்படியானால் என்ன ஆகிறது என்று நேற்றிலிருந்து பார்க்கிறார், பிடி கிடைக்கவில்லை. சாவி இருந்தது. ஆனால் கோட்டை ஏற்றியது சாவி இல்லை. அப்படியானால் நயினார் சொன்னது சரி, சொன்னதனால் நடந்தது தப்பு. பலவேசம் சொன்னது பொய், பொய்யினால் மறைத்த குற்றம் நடக்கவே இல்லை. இருபத்தெட்டு வருஷமாக அவர் உள்ளுக்குள் பயந்தது தன் சாவிக்கு. அந்தப் பயம் வீண். வெளியே கோபப்பட்டது நயினாரின் பொய்க்கு. அந்தப் பொய் நயினார் சொல்லாதது. ஆனால் பென்சில். அந்தக் குறுக்குக் கோடு போட்ட ஏழு. மற்ற ஊர்ப் பதிவெல்லாம் அந்தக் காலத்தில் தபாலில் வரும், நாலைந்து மாதம் ஆகும். வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை நயினாருடையதுதான். பார்த்திருக்கிறார். சூரியன் என்று தெரிந்திருக்கிறது. அம்பு போட்டு எழுதியும் வைத்திருக்கிறார், கணக்கு சுத்தமாக இருக்க வேண்டுமே. தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து, வாசலில் உட்கார்ந்திருந்த பலவேசத்தைத் தாண்டி வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுநாளும். அதற்கு மறுநாளும். பதிமூன்று வருஷம். எத்தனை தடவை தாண்டியிருப்பார். அந்த அதிகாரி அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார், புது அதிகாரியிடம் போய் நாம் சொன்னது தப்பு என்று யார் சொல்வார்கள். யாரும் சொல்ல மாட்டார்கள். பலவேசம் சொல்லியிருப்பாரா. இந்த இடத்தில் வேட்டி மறுபடி மாட்டுகிறது. பகையாளி செய்த துரோகம் இப்போதுதான் கையில் அகப்பட்டிருக்கிறது, இத்தனை வருஷம் கைவசம் இருந்தது செல்லாத பகை, இது நல்ல பகை, அசல். அதைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நிற்கலாம். ஆனால் தூக்கும்போதே நெஞ்சுப்பக்கம் ஏதோ உருள்கிறது. அவரும் தெரிந்தும் சொல்லவில்லை, இவரும் தெரிந்தும் சொல்லவில்லை. அங்கே ஒருத்தர் வாய் கோணிக் கிடக்கிறார். பேரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். எதற்கு. மன்னிப்புக் கேட்கவா, இல்லை, உண்மையிலேயே பையில் என்னதான்வே இருந்தது என்று கேட்கவா. கேட்டுவிட்டால் என்ன சொல்வது. அதுதான் பயம். நேற்று போனிலேயே இருந்த பயம் இதுதான், பாப்போம் என்று சொன்னது பகையால் இல்லை. வெயில் உச்சிக்கு நெருங்கியது. மரத்து நிழல் அவர் காலை விட்டு விலகி இருந்தது, நகர்ந்து உட்காரலாம், அளவு முடிகிற வரைக்கும் அசையக்கூடாது என்பது பழக்கம், தன் மேல் ஒரு இரும்பும் இல்லாத நாளிலும் அசையக்கூடாது. முதுகில் வேர்வை ஓர் எறும்பைப் போல இறங்கியது. அல்லது எறும்பேதான். காற்று வந்துவிட்டதா என்று பார்த்தார். ஆகாயம் வழக்கமான ஆகாயம். ஒரு பருந்து. சூரியனை ஏறிட்டுப் பார்க்க முயன்று, கண் கூசிக் குனிந்துகொண்டார். உம்மைத்தானய்யா எல்லோரும் கைகாட்டுதாவ என்று மனசுக்குள் சொன்னார். அதற்கு என்ன தெரியும். அது ஊதினது பூமியை நினைத்து இல்லை. பலவேசத்தை நினைத்தும் இல்லை, நயினாரை நினைத்தும் இல்லை.

மர வீட்டின் கதவு திறந்தது. மேடம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வந்துருச்சுங்க ஐயா. பதினொண்ணு ஏழுக்கு. கடைசி அளவு போச்சு, முள் நிக்கவே மாட்டேங்குது."

கெட்டுப்போன அளவுக்கு வருத்தப்படுகிற முகமாக அது இல்லை. பலவேசம் பதினொன்று ஏழுக்கு என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தேடிப் பார்த்தார். சாவியா, நயினாரா, எறும்பா. தெரியவில்லை. இரண்டு பேரும் ஆபீஸுக்கு நடந்தார்கள். திரையில் பச்சைக் கோடு செங்குத்தாக ஏறி மேலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. மேடம் அதைக் கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, நாளைக்கு வரைக்கும் ஆடும், இன்னைக்கு பெரிய ஆபீஸுக்கு மெயில் அனுப்பும்போது உங்க தாளையும் சேர்த்து அனுப்பிடலாம் என்று சொல்லிக் கண்ணாடிக் குண்டை நகர்த்திப் பேனாவைத் திறந்து கொடுத்தார். பலவேசம் வாங்கினார். நாலாவது வரியை ஒரு தடவை எழுத்துக் கூட்டி வாசித்தார். இதைப் போட்டுவிட்டால் வெள்ளிக்கிழமை கழுத்தில் மாலையோடு சுத்தமாக வீட்டுக்குப் போகலாம். செல்லக்கனி கேட்டால் சந்தோஷப்படுவாள், நான் அப்பவே சொன்னேன்லா, அந்த மனுஷன் பொய்யன்னு என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு சோறு சாப்பிட வேண்டும். பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தார்.

சூரியன்தான் என்று எழுதுங்கள் மேடம், அதுமட்டும் போதும், இந்தக் கடைசி வரி வேண்டாம் என்றார். அது இல்லாமல் மெமோவை ரத்து பண்ண மாட்டார்கள், அதுதான் முக்கியம் என்றார் மேடம். உங்ககிட்ட ஒண்ணும் இல்லைன்னு நீங்க சொன்னாத்தானே ஐயா.

"இருந்துச்சு மேடம். சாவி. பையில இருந்துச்சு."

சொல்லிவிட்டு அவர் எதையோ எதிர்பார்த்தார். கூரை இறங்கும் என்றா, என்னவென்று தெரியவில்லை. எவ்வளவு பெரிய சாவிங்க என்று மேடம் கேட்டார். பலவேசம் விரலைக் காட்டினார். முள்ளுக்கும் உங்களுக்கும் எத்தனை அடி இருக்கும் என்று கேட்டார். எட்டு, ஒன்பது என்றார். மேடம் ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதி, அடித்து, மறுபடி எழுதினார். கோட்டோட தடிமன்ல பாதிகூட வராதுங்க ஐயா, யார் கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காது என்றார். பலவேசம் அந்தத் துண்டுத் தாளை வாங்கிப் பார்த்தார், அதில் ஒன்றும் புரியவில்லை, திருப்பிக் கொடுத்தார். பாதிகூட இல்லை. சூடம் அணைத்தது பாதிகூட இல்லாததற்கு. டீயை விட்டது, வெயிலில் நடந்தது, தூணோரம் நின்றது எல்லாம். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. மேடம் மெதுவாக, இது எனக்குத் தெரியாத மாதிரியே இருந்துக்கலாங்க, யாருக்கும் நஷ்டமில்லை என்றார். நல்ல பிள்ளை. மெமோ இருந்துட்டுப் போகட்டும் மேடம் என்றார் பலவேசம். தாளை அவரே நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

வாசல் அறைக்கு வந்து மரப்பெட்டியைத் திறந்து போனை எடுத்தார். நேற்று வந்த எண்ணையே அழுத்தினார். கோமதிநாயகம் எடுத்தான். அப்பா முழிச்சிருக்காவளா என்று கேட்டார். முழிப்புத்தான் மாமா, பேச்சு மெதுவா வருது, ஆனா வெளங்குது என்றான் அவன். போனை அவர் காதில் வைக்கச் சொன்னார். அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. மின்விசிறிச் சத்தம், அதற்குள்ளே ஒரு மூச்சு, கரடுமுரடான மூச்சு. பதினைந்து வருஷமாகக் கேட்காத மூச்சு, தெரிந்தது.

"அண்ணாச்சி, பலவேசம் பேசுதேன். அன்னைக்கு என் பையில சாவி இருந்துச்சு. நீங்க சொன்னது நெசம்."

ஒவ்வொரு சொல்லாகப் பாறாங்கல்லைப் புரட்டுகிற மாதிரி நயினார் பேசினார்.

"அது... சூரியன்லா. எனக்கு... அந்த வருசமே தெரியும்."

இந்தச் சொல் என்றைக்காவது நயினார் வாயிலிருந்து வந்தால் பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பலவேசத்திடம் நேற்று மத்தியானத்திலிருந்தே வசனம் தயாராக இருந்தது. ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கி, கூர் பார்த்து வைத்திருந்தார். எல்லாம் அப்படியே இருந்தன, எதுவும் கெட்டுப்போகவில்லை, எடுக்கத்தான் கை போகவில்லை. வெளியே மாடத்தி ஆட்டைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. சாப்பிட்டியளா அண்ணாச்சி என்று கேட்டார். கஞ்சி என்றார் நயினார். அதை அவர் சொன்ன விதத்தில் கஞ்சி மேல் இருந்த வெறுப்பு அவ்வளவும் தெரிந்தது. மகன் போனை வாங்கிக்கொண்டு, அப்பா அழுதாவ மாமா, எப்ப வாறிய என்றான். வெள்ளிக்கிழமை வரைக்கும் டூட்டி இருக்கு, சனிக்கிழமை வாறேன் என்றார் பலவேசம். சனிக்கிழமையா என்றான் அவன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது என்னவென்று பலவேசத்துக்கு நன்றாகத் தெரிந்தது. சனிக்கிழமை என்று சொல்லும்போதே அது தெரிந்துதான் சொன்னார். இன்னும் அவ்வளவு மிச்சம் இருந்தது அவரிடம். மரப்பெட்டியின் மூடியைச் சாத்தினார். மறுபடி திறந்தார். அதற்குள் எடுக்க ஒன்றும் இல்லை.

"இன்னைக்கு நாலு மணிக்கு வாறேன்" என்றார். "மேடத்துகிட்ட அரை நாள் லீவு கேக்கணும். அதுவரைக்கும் அவரைத் தூங்கவிடாதே. எனக்கு அவர்கிட்ட சண்டை போட வேண்டியிருக்கு."